78,667 என்ற விடை எங்கே வழிதவறியது: பகா எண் நிரலைச் சரிபார்ப்பதும் வேகப்படுத்துவதும்

பண்ருட்டியிலிருந்து தினமும் பஸ்ஸில் புதுச்சேரிக்குப் போய்ப் பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். 1 முதல் 10 லட்சம் வரையுள்ள பகா எண்களைப் பட்டியலிடும் நிரல் ஒன்றைப் பைத்தானில் எழுதினார். முதல் நிரல் ஓடி முடிய முக்கால் மணி நேரம் ஆனது. அது தந்த எண்ணிக்கையை அவர் குறித்துவைக்கவில்லை. வர்க்கமூலம் வரை வகுத்துப் பார்த்தால் போதும் என்று தெரிந்துகொண்டு மாற்றி எழுதினார். சில நொடிகளில் முடிந்துவிட்டது. ஆனால் அவருக்குக் கிடைத்த எண்ணிக்கை 78,667. அதே யோசனையை எழுதிய நண்பருக்குக் கிடைத்தது 78,703. இரண்டில் எது சரி, இன்னும் எப்படி வேகப்படுத்துவது, ஓர் எண் பகா எண்ணா என்று சோதிக்கும் ஏகேஎஸ் முறையை எழுதினால் நல்லதா என்பவை அவருடைய மூன்று கேள்விகள்.

தம்பி, இரண்டுமே தவறு. 10 லட்சத்துக்குள் இருக்கும் பகா எண்கள் 78,498. நிரலை நீங்கள் அனுப்பவில்லை. ஆனாலும் அதில் எந்த வரி பிசகியது என்று என்னால் சொல்ல முடியும். தவறான எண்ணிக்கையே அதைச் சொல்லிவிடுகிறது. அதனால் வேகத்தைப் பிறகு பார்ப்போம். முதலில் இந்த இரண்டு எண்களையும் உட்கார வைத்து விசாரிப்போம்.

உங்கள் விடையில் 169 எண்கள் அதிகம். 1000-க்குள் இருக்கும் பகா எண்கள் 168. 10 லட்சம் என்பது 1000-இன் வர்க்கம். ஆகவே 10 லட்சத்துக்குள் இருக்கும் "பகா எண்களின் வர்க்கங்கள்" 4, 9, 25, 49 என்று தொடங்கி 997-இன் வர்க்கமான 9,94,009 வரை மிகச் சரியாக 168. அத்தனையும் உங்கள் பட்டியலில் பகா எண்களாக உட்கார்ந்திருக்கின்றன. லூப்பின் நிபந்தனையில் "வகுத்தியின் வர்க்கம் எண்ணைவிடச் சிறியதாக இருக்கும்வரை" என்று எழுதியிருப்பீர்கள். "சிறியதாக அல்லது சமமாக" என்று இருக்க வேண்டும். 25-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 2, 3, 4 வரை வகுத்துப் பார்க்கிறீர்கள். 5 வந்ததும் 25 என்பது 25-ஐவிடச் சிறியதில்லை என்று லூப் நின்றுவிடுகிறது. 25-ஐப் பிடிக்கக்கூடிய ஒரே ஆள் 5. அவரை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டீர்கள். மிச்சமிருக்கும் ஒன்று எண் 1. லூப் ஒருமுறைகூட ஓடாமல் "வகுபடவில்லை, எனவே பகா எண்" என்று அது உள்ளே வந்துவிட்டது. 168-உம் 1-உம் சேர்ந்தால் 169.

உங்கள் நண்பருடைய விடையில் 205 அதிகம். இது இன்னும் சுவையானது. பைத்தானின் ரேஞ்ச் கடைசி எண்ணைச் சேர்க்காது என்பதை அவர் மறந்திருக்கிறார். வர்க்கமூலத்தை முழு எண்ணாக்கி, அதுவரை என்று எழுதியிருக்கிறார். அதற்கு முந்தைய எண்ணோடு லூப் நின்றுவிடுகிறது. 35-ஐப் பாருங்கள். அதன் வர்க்கமூலம் 5.9, முழு எண்ணாக்கினால் 5. லூப் 2, 3, 4 என்று முடிந்துவிடும். 35 தப்பித்துவிடும். 143-க்கு வர்க்கமூலம் 11.96, லூப் 10-இல் நிற்கும், 11 × 13 தப்பித்துவிடும். இப்படித் தப்புபவை யாவை? பகா எண்களின் வர்க்கங்கள் 168. அவற்றுடன் 3-உம் 5-உம், 5-உம் 7-உம், 11-உம் 13-உம் போல இரண்டே வித்தியாசத்தில் நிற்கும் இரட்டைப் பகா எண்களின் பெருக்கற்பலன்கள். 1000-க்குள் அத்தகைய இணைகள் 35. இவற்றோடு 6-உம் 8-உம். ஏனென்றால் அவற்றின் வர்க்கமூலம் 2 என்று முழுதாக்கப்பட்டு, லூப் தொடங்காமலேயே முடிந்துவிடுகிறது. 168 + 35 + 2 = 205. அவர் 2-லிருந்து தொடங்கியதால் 1 உள்ளே வரவில்லை.

ஒரு தவறு எத்தனை விடைகளைக் கெடுத்தது என்று எண்ணிவிட்டால் எந்தத் தவறு என்று பெரும்பாலும் தெரிந்துவிடும். விடை சரியில்லை என்று தெரிந்ததும் நிரலை அழித்துவிட்டு மறுபடி எழுதுபவர்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். அந்த வித்தியாசம் ஒரு தடயம். அதை அழித்துவிடக் கூடாது.

இப்போது நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி: 78,498 என்று எனக்குத் தெரிந்ததால் சொல்லிவிட்டேன்; தெரியாத எல்லைக்கு நீங்கள் எப்படிச் சரிபார்ப்பீர்கள்?

பலரும் முதலில் ஒரு தோராய வாய்பாட்டை நாடுவார்கள். அது இங்கே உதவாது. ஏன் என்று சொல்கிறேன். இளம் வயதில் பகா எண் அட்டவணைகளை எண்ணிப் பார்த்து ஜெர்மானியக் கணிதவியலாளர் காஸ் கண்டுபிடித்த மடக்கைத் தொகையீடு மிக நல்ல தோராயம். 10 லட்சத்துக்கு அது சுமார் 78,627 தருகிறது. உண்மையான விடை அதிலிருந்து 129 தள்ளி இருக்கிறது. உங்கள் தவறான விடை 40 மட்டுமே தள்ளி இருக்கிறது! உங்கள் நண்பருடையதும் 76 தான். தோராயத்தை நீதிபதியாக வைத்தால் தவறான இரண்டு விடைகளுக்கும் மாலை விழும். சரியான விடை கடைசியில் நிற்கும். தோராயம் பத்து மடங்குப் பிழையைக் காட்டிக்கொடுக்கும். ஒரு சமக்குறியை மறந்த பிழையைக் காட்டாது.

இந்த இடத்தில் இராமானுசனை நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1910-இல் அவர் தம் குறிப்பேடுகளைக் கையில் எடுத்துக்கொண்டு வேலை கேட்டுப் போனது திருக்கோவிலூருக்கு. அங்கே துணை ஆட்சியராக இருந்த, இந்தியக் கணிதக் கழகத்தை நிறுவிய இராமசாமி ஐயரைப் பார்க்க. அப்போது திருக்கோவிலூர் தென்னார்க்காடு மாவட்டத்தில் இருந்தது. நம் கடலூர்தான் மாவட்டத் தலைநகர். 1913-இல் கேம்பிரிட்ஜ் கணிதவியலாளர் ஹார்டிக்கு எழுதிய முதல் கடிதத்தில், பகா எண்களின் எண்ணிக்கைக்கு மிக நெருக்கமான கோவை ஒன்றைக் கண்டதாகவும் அதன் பிழை பொருட்படுத்தத் தக்கதல்ல என்றும் எழுதினார். கைக்கு எட்டிய எண்களுக்கு அது உண்மையாகவே மிக நெருங்கி வந்தது. ஆனால் பிழை எப்போதும் அவ்வளவு சிறியதாக இருக்கும் என்ற கூற்று நிற்கவில்லை என்று ஹார்டி காட்டினார். அவ்வளவு பெரிய மேதைக்கே, சில எண்களுக்குப் பொருந்தியதை வைத்து எல்லா எண்களுக்கும் பேசுவதில் சறுக்கல் நேர்ந்தது என்றால், நாம் இன்னும் கவனமாக இருக்க வேண்டாமா?

சரி, எதை நம்புவது? நீங்கள் வெட்கப்பட்டு ஒதுக்கிய அந்த முக்கால் மணி நேர நிரலைத்தான் முதலில். அதைத் தூக்கி எறியாதீர்கள். மெதுவான நிரல் எளிமையானது. எளிமையானதில் தவறு ஒளிந்துகொள்ள இடம் குறைவு. 10 லட்சம் வரை அதை ஓட்ட வேண்டியதில்லை. 0 முதல் 2,000 வரை ஒவ்வோர் எண்ணையும் எல்லையாகக் கொடுத்து, மெதுவான நிரலின் பட்டியலும் வேகமான நிரலின் பட்டியலும் எழுத்துக்கு எழுத்து ஒன்றா என்று பாருங்கள். எண்ணிக்கையை மட்டும் ஒப்பிட வேண்டாம், பட்டியலையே ஒப்பிடுங்கள். எல்லை 0, 1, 2, 3 ஆக இருக்கும்போதும், எல்லையே பகா எண்ணாக இருக்கும்போதும், 25, 49, 121, 961 போன்ற வர்க்கமாக இருக்கும்போதும், அதற்கு ஒன்று முன்னும் பின்னும் இருக்கும்போதும்தான் நிரல்கள் சறுக்கும். 2,000 வரை எல்லாவற்றையும் கொடுத்துவிட்டால் இவை தாமாகவே அடங்கிவிடும். இந்தச் சோதனை இருந்திருந்தால் உங்கள் நிரல் எல்லை 1 என்ற இடத்திலேயே அகப்பட்டிருக்கும். நண்பருடையது எல்லை 4-இல்.

பட்டியலை ஒப்பிடுங்கள் என்று நான் அழுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. நீங்கள் பண்ருட்டிக்காரர்; முந்திரித் தொழிலை அருகிலிருந்து பார்த்திருப்பீர்கள். பருப்பில் 320 என்ற தரம் என்றால் ஒரு பவுண்டுக்கு 300 முதல் 320 பருப்பு. எண்ணாமல் நிறுத்தாலும் தரம் தெரியாது, நிறுக்காமல் எண்ணினாலும் தெரியாது. இரண்டும் சேர்ந்துதான் தரத்தைச் சொல்கின்றன. பகா எண்களுக்கும் அப்படியே. எண்ணிக்கை ஒரு சாட்சி, கூட்டுத்தொகை இன்னொரு சாட்சி.

பகா எண்களின் மடங்குகளை அடித்து நீக்கி, அடிபடாதவற்றைப் பகா எண்களாக எடுக்கும் முறைக்குச் சல்லடை என்று பெயர். ஒற்றைப்படை எண்களை மட்டும் வைத்து அதை எழுதும்போது ஒரு தவறு அடிக்கடி வரும். முதல் இடம் 1-ஐக் குறிக்கும். அதை யாரும் அடிப்பதில்லை. 2 இரட்டைப்படை என்பதால் பட்டியலிலேயே இல்லை. 1 தவறாக உள்ளே, 2 தவறாக வெளியே. எண்ணிக்கை? அச்சு அசலாக 78,498! பார்த்தவர் சரி என்று மூடிவைத்துவிடுவார். கூட்டுத்தொகையைப் பார்த்தால் குட்டு உடைந்துவிடும். 10 லட்சத்துக்குள் உள்ள பகா எண்களின் கூட்டுத்தொகை 37,55,04,02,023. அந்த நிரல் கடைசி இலக்கத்தில் 2 என்று காட்டும். ஒன்று குறைகிறது, 2-க்குப் பதில் 1 வந்திருக்கிறது என்பது அந்த ஒன்றிலிருந்தே தெரிகிறது.

ஒப்பிட்டுக்கொள்ளச் சில விடைகளைத் தருகிறேன். 100-க்குள் 25 பகா எண்கள், கூட்டுத்தொகை 1,060. 1,000-க்குள் 168, கூட்டுத்தொகை 76,127. 10,000-க்குள் 1,229, கூட்டுத்தொகை 57,36,396. 1 லட்சத்துக்குள் 9,592. 1 கோடிக்குள் 6,64,579, கூட்டுத்தொகை 32,03,32,49,94,356. 10 கோடிக்குள் 57,61,455. 100 கோடிக்குள் 5,08,47,534.

கடைசி எண்ணுக்கு ஒரு கதை உண்டு. 1885-இல் மைசல் என்ற ஜெர்மானியக் கணிதவியலாளர் 100 கோடிக்குள் எத்தனை பகா எண்கள் என்று கையாலேயே கணக்கிட்டார். ஒவ்வொன்றாக எண்ணாமல், சேர்த்தும் நீக்கியும் கணக்கிடும் அருமையான முறை அவருடையது. அவருக்குக் கிடைத்தது 5,08,47,478. உண்மையைவிட 56 குறைவு. 70 ஆண்டுகளுக்கும் மேல் கழித்து, 1950-களின் இறுதியில் டி. எச். லேமர் ஐபிஎம் 701 கணினியில் கணக்கிட்டுத் திருத்தினார். அதே லேமர் அதே சமயத்தில் 1,000 கோடிக்குள் உள்ள பகா எண்களையும் கணக்கிட்டு 45,50,52,512 என்று வெளியிட்டார். அதில் ஒன்று அதிகம். சரியான விடை 45,50,52,511. பிறரின் 56-ஐத் திருத்தியவரின் கணக்கிலேயே ஒன்று நின்றுவிட்டது. இது அவர்களைக் குறைத்துச் சொல்வதற்காக அல்ல. இத்தனை கவனமானவர்களின் விடையையும் வேறொரு முறையால், வேறொருவர் மறுபடி போட்டுப் பார்த்ததால்தான் உண்மை வெளிவந்தது.

அந்த "வேறொரு முறை"யை நீங்களும் கைவசம் வைத்துக்கொள்ளலாம். 100-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 2, 3, 5, 7 ஆகிய நான்கிலும் வகுபடாத எண்கள் 100 வரை எத்தனை? 100-லிருந்து ஒவ்வொன்றின் மடங்குகளையும் கழித்து, இரண்டு முறை கழிந்தவற்றைத் திரும்பச் சேர்த்து, மூன்று எண்களுக்குப் பொதுவானவற்றை மறுபடி கழித்து வந்தால் 22 கிடைக்கும். அதில் 1 ஒன்று, அதை நீக்குங்கள். விடுபட்ட 2, 3, 5, 7 நான்கையும் சேருங்கள். 22 − 1 + 4 = 25. இது பிரெஞ்சுக் கணிதவியலாளர் லெஜாந்தரின் வழி. பட்டியல் எதையும் உண்டாக்காமலேயே எண்ணிக்கை கிடைத்துவிட்டது. சல்லடையில் வரக்கூடிய தவறுகள் பெரும்பாலும் இந்தக் கணக்கில் வராது. இதில் வரக்கூடிய தவறுகள் பெரும்பாலும் சல்லடையில் வராது. இரண்டும் ஒத்துப்போனால் அந்த ஒப்புதலுக்கு மதிப்பு அதிகம். ஒரே நிரலை இரண்டு முறை ஓட்டிப் பார்த்துவிட்டு "இரண்டு முறையும் ஒரே விடை" என்பதில் என்ன பயன்?

இன்னொன்றையும் செய்யுங்கள். சோதனை எழுதி முடித்ததும், சரியாக ஓடும் நிரலை வேண்டுமென்றே கெடுங்கள். சமக்குறியை எடுத்துவிடுங்கள், தொடக்கத்தை 1 ஆக்குங்கள். சோதனை கூச்சலிட வேண்டும். கூச்சலிடாத சோதனை இருந்தும் இல்லாததுதான்.

இனி வேகம்.

உங்கள் முதல் நிரல் ஏன் முக்கால் மணி நேரம் எடுத்தது என்பதற்கு விடை மேலே நான் தந்த ஓர் எண்ணிலேயே இருக்கிறது. ஒரு பகா எண்ணை 2 முதல் அதற்கு முந்தைய எண் வரை வகுத்துப் பார்த்தால், ஏறத்தாழ அந்த எண் அளவுக்கே வகுத்தல்கள். எல்லாப் பகா எண்களுக்கும் சேர்த்தால், அவற்றின் கூட்டுத்தொகை அளவுக்கு வகுத்தல்கள். அதாவது சுமார் 3,755 கோடி! பகு எண்களுக்கு ஆகும் செலவு இதற்கு மேல். வர்க்கமூலத்தோடு நிறுத்தினால் பகா எண்களுக்கான வகுத்தல்கள் சுமார் 5 கோடியாகச் சுருங்குகின்றன. ஏற்கெனவே கண்டுபிடித்த பகா எண்களால் மட்டும் வகுத்தால், ஒவ்வொன்றுக்கும் அதிகபட்சம் 168 வகுத்தல். 78,498 பகா எண்களுக்கும் சேர்த்து 1.32 கோடியைத் தாண்டவே முடியாது; உண்மையில் இன்னும் குறைவு. இத்தனையும் யோசனையால் கிடைத்தவை; கணினியை மாற்றியதால் கிடைத்தவை அல்ல.

ஆனால் பட்டியல்தான் வேண்டும் என்றால் வகுத்தலையே விட்டுவிடுங்கள். கி.மு. 3-ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியா நூலகத்தின் தலைவராக இருந்த எரடோஸ்தனீசின் சல்லடையை இன்றும் மிஞ்ச ஆள் இல்லை என்பேன். எண்களை வரிசையாக வைத்து, 2-இன் மடங்குகளை அடித்து, 3-இன் மடங்குகளை அடித்து, அடுத்து அடிபடாமல் நிற்கும் எண்ணின் மடங்குகளை அடித்துக்கொண்டே போவது. வகுத்தல் கிடையாது, கூட்டல் மட்டும்.

சல்லடையிலும் எந்த மாற்றம் எவ்வளவு தருகிறது என்று எண்ணிப் பார்க்க வேண்டும். 10 லட்சத்துக்கு, எல்லாப் பகா எண்களுக்கும் அவற்றின் இரண்டாம் மடங்கிலிருந்து அடித்தால் சுமார் 27.75 லட்சம் அடிகள். 1000-ஐத் தாண்டியதும் நிறுத்திக்கொண்டால் சுமார் 22 லட்சம். ஒவ்வொரு பகா எண்ணுக்கும் அதன் வர்க்கத்திலிருந்து அடிக்கத் தொடங்கினால் 21.2 லட்சம். பாடப்புத்தகங்கள் மிகவும் பாராட்டும் இந்தக் கடைசி உத்தி உண்மையில் மிச்சம் பிடிப்பது 4 சதவீதத்துக்கும் குறைவு. இரட்டைப்படை எண்களை அடியோடு விலக்கிவிட்டால்தான் சட்டென்று 8.1 லட்சத்துக்கு இறங்குகிறது, நினைவகமும் பாதியாகிறது. எனவே முதலில் செய்ய வேண்டியது அதுதான்.

அதில் இடம் கணக்கிடுவதை ஒருமுறை தாளில் போட்டுப் பாருங்கள். இடம் 0 என்பது 1. இடம் 1 என்பது 3. இடம் 2 என்பது 5. இடத்தை இரட்டித்து ஒன்று கூட்டினால் எண். 3-இன் வர்க்கமான 9 இருப்பது இடம் 4. அடுத்து அடிக்க வேண்டிய ஒற்றைப்படை மடங்கு 15. அது இடம் 7. பிறகு 21; இடம் 10. இடங்கள் 4, 7, 10 என்று மூன்று மூன்றாகத் தாண்டுகின்றன. எண்களில் தாண்டல் 6. இடங்களில் தாண்டல் 3. இதைக் குழப்பி இடத்திலும் 6 தாண்டியவர்களுக்கு 15 பகா எண்ணாகிவிடும். எடுத்த எடுப்பில் இடம் 0-இல் உள்ள 1-ஐ அடித்துவிடுங்கள். 2-ஐப் பட்டியலின் தலையில் கையால் சேருங்கள்.

பைத்தானில் இதற்குச் சாதாரணப் பட்டியலைப் பயன்படுத்தாதீர்கள். அதில் ஓர் இடத்துக்கு 8 பைட் செலவாகும். 10 கோடி வரை போனால் 80 கோடி பைட். பைட்அரே எடுத்தால் இடத்துக்கு ஒரு பைட். ஒற்றைப்படைகள் மட்டும் என்றால் மொத்தம் 5 கோடி பைட்தான். அடிப்பதையும் ஒவ்வோர் இடமாக லூப் போட்டுச் செய்ய வேண்டாம். "இந்த இடத்திலிருந்து கடைசி வரை இத்தனை இடம் தாண்டித் தாண்டி 0 வை" என்று ஒரே வரியில் துண்டாக எழுதலாம். அந்த வேலை பைத்தானுக்கு அடியில் சி மொழியில் நடக்கும். வித்தியாசத்தைக் கண்ணாலேயே பார்ப்பீர்கள். இதில் ஒரு பாதுகாப்பும் உண்டு: எத்தனை பூச்சியங்கள் என்ற கணக்கு ஒன்று பிசகினாலும் பைத்தான் பிழை காட்டி நின்றுவிடும், சத்தமில்லாமல் தவறாகாது.

நேரம் அளக்கும்போது திரையில் அச்சிடும் நேரத்தைச் சேர்க்காதீர்கள். 78,498 எண்களை ஒவ்வொரு வரியாகத் திரையில் ஓடவிடுவது, அவற்றைக் கண்டுபிடிப்பதைவிட நீண்ட நேரம் எடுக்கலாம். எல்லாவற்றையும் ஒரே சரமாகக் கோத்து ஒரே முறை கோப்பில் எழுதிவிடுங்கள்.

உங்கள் கல்லூரியில் அடுத்து ஜாவாவும் சியும் வரும். அங்கே காத்திருக்கும் பள்ளம் ஒன்றைச் சொல்கிறேன். நான் விழுந்த பள்ளம். புதுச்சேரியில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் சேர்ந்த புதிதில் ஜாவாவில் சல்லடை எழுதினேன். 40,000 வரை சோதித்தேன், எல்லாம் சரி. 1 லட்சம் கொடுத்ததும் நிரல் விழுந்தது. இரண்டு நாள் தேடினேன். 32 பிட் முழு எண் தாங்கக்கூடிய அதிகபட்சம் 2,14,74,83,647. 46,340-இன் வர்க்கம் அதற்குள் அடங்கும். 46,341-இன் வர்க்கம் அடங்காது. அதற்கு அடுத்த பகா எண் 46,349. அதன் வர்க்கம் 2,14,82,29,801. தாங்க முடியாமல் அது எதிர்ம எண்ணாக மாறிவிட்டது. எதிர்ம இடத்தில் போய் அடிக்கச் சொன்னதும் நிரல் நின்றது. ஜாவாவாக இருந்ததால் நின்றது. சி மொழியாக இருந்திருந்தால் வேறு எதன் நினைவகத்திலோ போய் எழுதிவிட்டு ஒன்றும் நடக்காததுபோல் ஓடியிருக்கக்கூடும். வெளி லூப்பை எல்லையின் வர்க்கமூலத்தோடு நிறுத்தியிருந்தால் அந்த எல்லைக்கு 46,349 வரை போகவே வேண்டியிருக்காது. 64 பிட் எண்ணில் பெருக்கியிருந்தாலும் தப்பியிருக்கும். இரண்டையும் செய்யுங்கள். வர்க்கமூலத்தைத் தசம எண்ணாக எடுத்து முழுதாக்குவதும் பெரிய எண்களில் ஒன்று பிசகலாம், பைத்தான் 3.8 முதல் முழு எண் வர்க்கமூலத்துக்கென்றே தனிச் செயற்கூறு இருக்கிறது, அதையே பயன்படுத்துங்கள்.

100 கோடி வரை போக ஆசை வந்தால் முழுப் பரப்பையும் ஒரே நேரத்தில் நினைவகத்தில் விரிக்காதீர்கள். 31,622 வரையுள்ள 3,401 பகா எண்களை மட்டும் முதலில் கண்டுபிடித்துக்கொண்டு, மீதியைத் துண்டு துண்டாகச் சலியுங்கள். ஒரு துண்டு செயலியின் உள் நினைவகத்துக்குள், 32 கிலோபைட் அளவுக்குள், அடங்கினால் மிக வேகமாக ஓடும். நினைவகத்துக்கும் செயலிக்கும் இடையே நடக்கும் போக்குவரத்துதான் பெரிய சல்லடைகளில் நேரத்தைத் தின்கிறது. இங்கே தவறுகள் துண்டுகளின் விளிம்பில் வரும். அதைப் பிடிக்க எளிய வழி: துண்டின் அளவை 1,000, 1,001, 32,768, 50,021 என்று மாற்றி மாற்றி ஓட்டுங்கள். எண்ணிக்கையும் கூட்டுத்தொகையும் அசையக் கூடாது. அசைந்தால் விளிம்பில் ஓட்டை.

பெரிய பட்டியலில் அங்கங்கே சில எண்களை எடுத்துத் தனியாகச் சோதிக்க மில்லர்–ராபின் சோதனை நல்லது. அந்தச் சோதனையில் எந்த எண்ணின் அடுக்குகளைக் கொண்டு பார்க்கிறோமோ அதற்கு அடி என்று பெயர். 2, 3, 5, 7 ஆகிய நான்கு அடிகளை வைத்துச் சோதித்தால் 321 கோடி வரை அது பொய் சொல்லாது என்பது கணக்கிட்டு உறுதிசெய்யப்பட்டது. ஃபெர்மாவின் எளிய சோதனையை மட்டும் நம்பிவிடாதீர்கள். அடி 2-க்கு 341 தப்பிவிடும், அது 11 × 31. 561-ஓ தனக்குப் பொதுக் காரணி இல்லாத எந்த அடியிலும் தப்பிவிடும். அது 3 × 11 × 17.

ஏகேஎஸ் பற்றிக் கேட்டீர்கள். 2002-இல் கான்பூர் ஐஐடியில் மணீந்திர அகர்வாலும் அவருடைய மாணவர்கள் நீரஜ் கயாலும் நிதின் சக்சேனாவும் கண்டது. ஓர் எண் பகா எண்ணா என்பதை, நிரூபிக்கப்படாத எந்த ஊகத்தையும் நம்பாமல், உறுதியாகவும் இலக்கங்களின் எண்ணிக்கையைப் பொறுத்த பல்லுறுப்புக்கோவை நேரத்திலும் சொல்லிவிட முடியும் என்று முதன்முதலில் நிரூபித்த முறை. அதைப் படியுங்கள், கல்லூரிக் கணிதத்தோடு பெரும்பகுதி புரியும், அதுவே பெரிய வியப்பு. ஆனால் 10 லட்சம் வரை பட்டியல் எடுக்க அது ஏற்றதல்ல. சல்லடைக்கு முன்னால் மிக மிக மெதுவாக இருக்கும்.

இப்போது உங்கள் நிரலில் இரண்டே மாற்றங்கள் செய்யுங்கள்: சமக்குறி ஒன்று, தொடக்கம் 2-லிருந்து. வேறு எதையும் தொடாமல் ஓட்டுங்கள். 78,498-உம் 37,55,04,02,023-உம் வந்தால், அந்த நிரலை அப்படியே தனிக் கோப்பில் பூட்டிவைத்துவிட்டு, ஒற்றைப்படைச் சல்லடையைப் புதிய கோப்பில் தொடங்குங்கள். நண்பரிடமும் ரேஞ்சின் முடிவில் ஒன்று கூட்டச் சொல்லுங்கள். அதன் பிறகும் உங்கள் இருவரின் எண்ணிக்கையும் ஒத்துப்போகாவிட்டால், நிரலை அழிக்காமல் அந்த வித்தியாசத்தை மட்டும் எனக்கு எழுதுங்கள்.